கியூபாவின் பழைய கார்கள்: வெளியே 1953, உள்ளே?

பழைய கார் பிரியர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்க வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். பெயிண்ட், சீட் துணி, ஏன், ஒரு ஸ்க்ரூ கூட மாறக் கூடாது. இன்னொரு சாராரோ, ஓட்டுவதற்குத்தானே கார், உள்ளே புது இஞ்சினும் நல்ல பிரேக்கும் போட்டால் என்ன தப்பு என்பார்கள். அமெரிக்கச் சந்தையில் இந்தச் சண்டைக்குப் பண மதிப்பும் உண்டு. காரோடு பிறந்த அதே இஞ்சின் இன்னும் அதில் இருக்கிறது என்பதை, பொறித்த எண்களை வைத்துச் சரிபார்ப்பார்கள். எண்கள் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை.

இந்தச் சண்டையே அர்த்தமில்லாமல் போன நாடு ஒன்று இருக்கிறது. அதுதான் கியூபா. ஹவானா தெருக்களில் ஓடும் செவர்லே, பியூக், பிளைமவுத் கார்களைப் புகைப்படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. 1950களில் காலம் நின்றுபோன ஊர் என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் பானட்டைத் திறந்து பார்த்தால் காலம் நிற்கவே இல்லை என்பது தெரியும். உள்ளே ரஷ்ய இஞ்சின் இருக்கும், அல்லது ஜப்பானிய டீசல் இருக்கும். மாற்றாமல் வைத்திருந்த கார்களில் பெரும்பாலானவை எப்போதோ நின்றுவிட்டன. மாற்றியவைதான் இன்று ஓடுகின்றன.

சரி, இது எப்படி நடந்தது?

கார்கள் வந்த கதை

கியூபாவுக்கும் அமெரிக்காவின் புளோரிடா முனைக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 150 கிலோமீட்டர்தான். 1959க்கு முன்பு கியூபாவின் சர்க்கரை அமெரிக்கா போனது, அமெரிக்காவின் கார்கள் கியூபா வந்தன. டெட்ராய்ட் நிறுவனங்களுக்கு ஹவானா பக்கத்து ஊர்ச் சந்தை மாதிரி. வசதி படைத்தவர்கள் புது மாடல் வந்ததும் வாங்கினார்கள்.

1959 ஜனவரி 1 அன்று சர்வாதிகாரி பட்டிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. அடுத்த ஆண்டே உறவு கெட்டது. சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க அமெரிக்க நிறுவனங்கள் மறுத்தன. சுத்திகரிப்பு ஆலைகளை கியூபா அரசு எடுத்துக்கொண்டது. அமெரிக்கா சர்க்கரை வாங்குவதைக் குறைத்தது. 1960 அக்டோபரில், உணவும் மருந்தும் தவிர மற்ற ஏற்றுமதிகளுக்கு அமெரிக்கா தடை போட்டது. 1962 பிப்ரவரியில் கென்னடி அதை முழு வர்த்தகத் தடையாக்கினார்.

அத்தோடு புது அமெரிக்கக் கார் வருவது நின்றது. அதைவிட முக்கியம், ஸ்பேர் பார்ட்ஸ் வருவதும் நின்றது. பணக்காரர்கள் பலர் மியாமிக்குப் போய்விட்டார்கள். கார்கள் இங்கேயே தங்கிவிட்டன.

காப்பாற்றிய சட்டம்

பற்றாக்குறை மட்டும்தான் காரணம் என்றால், இந்தக் கார்கள் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஏனென்றால் பின்னாளில் சோவியத் கார்கள் வந்தன. மோஸ்க்விச், வோல்கா, 1970களிலிருந்து லாடா என்று பலவும் இறங்கின. ஆனால் அவற்றைக் கடையில் போய் வாங்க முடியாது. நல்ல தொழிலாளி, மருத்துவர், அதிகாரி, விளையாட்டு வீரர் என்று தேர்ந்தெடுத்து அரசு ஒதுக்கும். ஒதுக்கிய காரை இஷ்டப்படி வேறு ஒருவருக்கு விற்கவும் முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. புரட்சிக்கு முன்பே நாட்டில் ஓடிக்கொண்டிருந்த கார்களைத் தனிநபர்கள் தங்களுக்குள் தாராளமாக வாங்கலாம், விற்கலாம். 2011 வரை இதுதான் நிலைமை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு சாதாரணக் குடும்பம் அரசின் தயவு இல்லாமல் கார் வாங்க வேண்டும் என்றால், 1959க்கு முந்தைய கார்தான் ஒரே வழி. அந்தக் காரின் மதிப்பு அதன் இஞ்சினில் இல்லை. அதன் கூட்டிலும் அதற்குரிய காகிதத்திலும் இருந்தது. 1953 செவர்லே என்று காகிதம் சொல்லும்வரை அது விற்கக்கூடிய சொத்து. அந்தக் கூட்டுக்குள் எதை வேண்டுமானாலும் வைத்து ஓட்டிக்கொள்ளலாம். ஆக, கூட்டைக் காப்பாற்று, மற்றதை மாற்று என்பதே வழக்கமானது. உலகத்தின் மற்ற இடங்களில் ரசனைக்காகச் செய்த ஒன்றை கியூபாக்காரர்கள் சொத்தைக் காப்பாற்றச் செய்தார்கள்.

வீட்டு வாசலில் நடந்த வேலை

எல்லாருக்கும் பட்டறை கிடையாது. பெரும்பாலான வேலை வீட்டு வாசலிலும், சந்திலும், மரத்தடியிலும் நடந்தது. இஞ்சினைத் தூக்க ஒரு மரக்கிளையும் செயின் பிளாக்கும் போதும். பார்ட்ஸ் இல்லையென்றால் தெரிந்த லேத்காரர் ஒருவரைப் பிடித்துக் கடைந்து வாங்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வேறு எதிலிருந்தாவது எடுத்து ராவிப் பொருத்த வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ரெசோல்வேர்'. எப்படியாவது காரியத்தை முடிப்பது என்று பொருள்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களின் அமைப்பும் கை கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு லாரி மாதிரி தனி சேஸ் உண்டு. அதன் மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கும். பானட்டுக்கு அடியில் தாராளமாக இடம் இருக்கும். எனவே வேறு இஞ்சினை இறக்குவது முடியாத காரியம் அல்ல.

ஆனால் சுலபமான காரியமும் அல்ல. 1950களின் செவர்லே ஆறு சிலிண்டர் இஞ்சின் கிட்டத்தட்ட 3.9 லிட்டர் கொள்ளளவு கொண்டது. காரின் எடையோ ஒன்றரை டன். அதில் 1.2 அல்லது 1.5 லிட்டர் லாடா இஞ்சினைப் போட்டால் மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். வோல்காவின் 2.4 லிட்டர் இஞ்சின் கொஞ்சம் பரவாயில்லை. அதன் பிறகு டீசல் இஞ்சின்கள் வந்தன. பெர்கின்ஸ், பெஜோ, டொயோட்டா, ஹூண்டாய் என்று வேன், லாரிகளிலிருந்து கழற்றிய எதுவும் உள்ளே போனது.

இஞ்சின் மாறினால் அதோடு பத்து வேலை வரும். இஞ்சின் உட்காரும் தாங்கிகளைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். பழைய கியர்பாக்ஸ் பொருந்தாது, புது இஞ்சினோடு வந்த கியர்பாக்ஸையே போட வேண்டும். அப்போது ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் கம்பி போய், தரையில் ஓட்டை போட்டுப் புதுக் கம்பி வரும். புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் சரியாக இருக்காது. அதை வெட்டி ஒட்டி, ஆடாமல் சுழலும்படி சரி பார்க்க வேண்டும். முன்பக்க எடை மாறுவதால் ஸ்பிரிங்கும் மாறும்.

அடுத்து ஒயரிங். 1950களின் நடுப்பகுதி வரை பல அமெரிக்கக் கார்களில் 6 வோல்ட் மின்சாரம்தான். பிறகு வந்த கார்கள் எல்லாம் 12 வோல்ட். பல்பு, டைனமோ, பேட்டரி எல்லாவற்றையும் மாற்றினால்தான் புது இஞ்சின் ஸ்டார்ட் ஆகும்.

பிரேக்தான் பெரிய கவலை. பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. முடிந்தவர்கள் முன்சக்கரத்துக்கு லாடாவின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தினார்கள். முடியாதவர்கள் பழைய ரப்பர் வாஷரை வெட்டிச் சமாளித்தார்கள். பிரேக் ஆயில் கிடைக்காத நாட்களில் ஷாம்பூ கலந்த கலவைகளை ஊற்றி ஓட்டிய கதைகளும் உண்டு. இதைத் திறமை என்று பாராட்டும்போது, அந்தக் காரில் ஏறிய குடும்பத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாடி வேலை தனிக் கதை. ஹவானாவின் கடற்கரைச் சாலையான மலேகோனில் அலை அடித்துத் தெறிக்கும் உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும். துருப்பிடித்த மட்கார்டை வெட்டி எறிந்துவிட்டு, தகரத்தைத் தட்டி வளைத்து அதே வடிவத்துக்குக் கொண்டு வருவார்கள். டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் கையால்தான். பல கார்களில் பட்டியின் எடையே கணிசமாக இருக்கும்.

பிழைப்புக்கு வந்த கார்

1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. மலிவு விலை எண்ணெய் நின்றது. சில ஆண்டுகளிலேயே கியூபாவின் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. பேருந்துகள் நின்றன. சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் சைக்கிள்கள் இறங்கின. இந்தக் காலத்தை அங்கே 'சிறப்புக் காலம்' என்கிறார்கள். பெயரில் மட்டும்தான் சிறப்பு.

பழைய காரின் வேலை மாறியது இந்தச் சமயத்தில்தான். 1993இல் அரசு சுயதொழிலுக்கு ஓரளவு அனுமதி கொடுத்தது. பெரிய அமெரிக்கக் கார்கள் ஷேர் டாக்சி ஆயின. குறிப்பிட்ட ரூட்டில் போகும், வழியில் ஆளை ஏற்றும், இறக்கும். இந்தக் கார்களுக்கு மக்கள் வைத்த பெயர் 'அல்மென்ட்ரோன்', அதாவது பெரிய பாதாம் கொட்டை. வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். பழைய வி8 பெட்ரோல் இஞ்சின் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். அதை வைத்து டாக்சி ஓட்டினால் கட்டுப்படியாகாது. அதனால்தான் டீசல் இஞ்சினுக்கு அவ்வளவு கிராக்கி. கள்ளச்சந்தையில் டீசல் மலிவாகக் கிடைத்ததும் ஒரு காரணம். ஹவானாவின் கரும்புகைக்கும் இதுவே காரணம்.

ஒரு டாக்டருக்கு மாதச் சம்பளம் இருபது, முப்பது டாலராக இருந்த காலத்தில், தாத்தாவின் பிளைமவுத்தை ஓட்டியவர் அதைவிட அதிகம் சம்பாதித்தார். புரட்சிக்கு முந்தைய பணக்காரரின் ஆடம்பரப் பொருள், புரட்சிக்குப் பிந்தைய குடும்பத்தின் சோற்றுப் பானை ஆனது.

சட்டம் மாறிய பிறகு

2011 அக்டோபரில், எந்த ஆண்டுக் காராக இருந்தாலும் தனிநபர்கள் வாங்கி விற்கலாம் என்று சட்டம் வந்தது. 2014 ஜனவரியில் அரசுக் கடைகளில் அனுமதிச் சீட்டு இல்லாமலே கார் வாங்கலாம் என்றார்கள். விலையைப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. பெஜோ 508 கார் ஒன்றின் விலை சுமார் 2,62,000 டாலர்! எனவே சட்டம் மாறியும் பாதாம் கொட்டைகள் தெருவை விட்டுப் போகவில்லை. சுமார் 60,000 பழைய அமெரிக்கக் கார்கள் கியூபாவில் ஓடுவதாக அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது.

2014 டிசம்பரில் ஒபாமாவும் ராவுல் காஸ்ட்ரோவும் உறவைச் சீர்படுத்துவதாக அறிவித்தார்கள். சுற்றுலாக்காரர்கள் குவிந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தது மேல்கூரை இல்லாத ரோஸ் நிறக் கார்கள். அசல் கன்வர்ட்டிபிள்கள் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? சாதாரண செடான் கார்களின் கூரையை அறுத்து எடுத்து, கன்வர்ட்டிபிள் ஆக்கினார்கள். கூரை போனால் பாடியின் பலம் குறையும் என்பதால் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து வெல்டிங் செய்தார்கள். ஐம்பது வருடம் காப்பாற்றி வைத்த கூட்டையும் கடைசியில் வெட்ட வேண்டி வந்தது. 1950களின் 'அசல்' அழகு என்று நினைத்துச் சுற்றுலாப் பயணி எடுத்துக்கொண்ட புகைப்படத்தில், கூரையற்ற அந்த வடிவம் 2010களில் பிறந்ததாகவும் இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே ஹவானாவுக்கு வெளியே ஃபிங்கா விஹியா என்ற வீட்டில் வாழ்ந்தார். அவரிடம் 1955 கிரைஸ்லர் நியூயார்க்கர் கன்வர்ட்டிபிள் ஒன்று இருந்தது. பல ஆண்டுகள் காணாமல் போயிருந்த அந்தக் கார், பாழடைந்த நிலையில் திரும்பக் கிடைத்தது. அதைத் தொழிற்சாலை நிலைக்கே கொண்டுவர முயற்சி நடந்தது. நடிகர் டேவிட் சோல் அதில் ஈடுபட்டார். அசல் பார்ட்ஸ் வேண்டும் என்றதும் பழைய பிரச்சினை எழுந்தது. அமெரிக்கக் காருக்கான பாகத்தை கியூபாவுக்கு அனுப்பத் தடை குறுக்கே நின்றது. ஒரு மியூசியம் காருக்கே இந்தப் பாடு என்றால், வீட்டு வாசலில் தனியாக நின்ற மெக்கானிக் ஏன் அசலைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது புரியும்.

அமெரிக்கத் தடை நீங்கினால் சேகரிப்பாளர்கள் வந்து இந்தக் கார்களை அள்ளிக்கொண்டு போவார்கள் என்ற பேச்சு பல வருடங்களாக உண்டு. ஆனால் எண்கள் பொருந்தும் கார் தேடுபவருக்கு ஹவானாவில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவர்கள் கணக்கில் இவை மதிப்பு குறைந்த கார்கள்.

கியூபாவில் கணக்கு வேறு. 2019க்குப் பிறகு அமெரிக்கக் கப்பல் பயணிகள் வருவது நின்றது. பிறகு கொரோனா வந்தது. 2024 மார்ச்சில் சாதாரண பெட்ரோல் லிட்டருக்கு 25 பெசோவிலிருந்து 132 பெசோவாக உயர்ந்தது. தடையையும் உப்புக் காற்றையும் சமாளித்த கார்களுக்கு இதுவும் ஒரு சோதனை. இந்தக் கார்களில் தொழிற்சாலை செய்த பாகம் ஒவ்வொன்றாகக் குறைந்து, வீட்டு வாசலில் செய்த பாகம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. காகிதத்தில் இன்னும் 1953 செவர்லேதான். உண்மையில் அந்தக் காரில் பாதியைச் செய்தது டெட்ராய்ட் என்றால், மீதிப் பாதியைச் செய்தது ஹவானா எனலாம்.