பாலைநிலத்து வீடும் மக்களும்

கட்டடக்கலை வரலாறு என்றதும் அரண்மனைகளையும் ஆலயங்களையும் எண்ணிப் பழகிவிட்டோம். உழைக்கும் மக்களின் வீட்டுக்கும் வரலாறு உண்டு. எகிப்தின் கூர்னாக் கிராமம் அதற்குத் தக்க சான்றாகும்.

லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரைக் குன்றுகளில், பண்டைய பிரபுக்களின் கல்லறைகள் மீது ஏறத்தாழ 7000 மக்கள் வாழ்ந்து வந்தனர். கல்லறைச் செல்வங்கள் களவுபோவதைக் காரணங்காட்டி, தொல்பொருள் திணைக்களம் அவர்களைச் சமவெளியில் குடியேற்றத் தீர்மானித்தது. 1945இல் புதிய கிராமத்தை வகுக்கும் பொறுப்பு ஹஸன் பாத்தி (1900–1989) என்னும் கட்டடக்கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மரம் அரிதாகவும் சீமெந்து விலையுயர்ந்ததாகவும் இருந்த நாட்டிலே, ஏழைக்குக் கூரை அமைப்பது எப்படி? இதற்கு விடை தந்தவர்கள் அஸ்வான் பகுதியின் நுபிய மேசன்மார். சுவரொன்றை எழுப்பி, வைக்கோல் மிகுதியாகக் கலந்த சுடாத மண்கற்களை அதன்மீது சாய்த்து, வளைவு வளைவாக ஒட்டிச் சென்று, மரச்சட்டமின்றியே அவர்கள் கூரை அமைத்தனர். தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தைத் தாமதித்தது. முற்றம் இரவுக் குளிர்ச்சியைத் தேக்கியது. 1964இல் கெய்ரோவில் நடந்த சோதனையில் மண் கட்டடத்தின் உள்வெப்பம் நாள் முழுவதும் 2 பாகையளவே மாறியது. கொங்கிறீற் கட்டடமோ வெளிக்காற்றிலும் மிகுதியாகச் சூடேறியது.

இத்துணைச் சிறப்பிருந்தும் மக்கள் குடிபெயர மறுத்தனர். 1940களின் இறுதியில், திட்டத்தின் ஒரு பகுதி மட்டும் முடிந்த நிலையில், வேலை நின்றது. இதனை அறியாமை என்பாரும் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. உல்லாசப் பயணிகளாலும் அகழ்வு வேலைகளாலும் கிடைத்த வருவாய் குன்றோடு பிணைந்திருந்தது. குடும்பங்களின் தேவைக்கேற்ப வீடுகள் வேறுபட வேண்டுமெனப் பாத்தி மெய்யாகவே விரும்பினார். ஆனால், குடிபெயர்வதா இல்லையா என்ற முதற் கேள்வியைத் திணைக்களம் அம்மக்களிடம் விடவில்லை. வீட்டின் வடிவத்திலே பங்கு தந்து, வாழ்வின் முடிவிலே பங்கு மறுப்பது எவ்வகை நீதி?

பின்வந்த வரலாறும் இதனையே மெய்ப்பிக்கின்றது. அஸ்வான் உயரணையின் பொருட்டு 1963–64இல் பல்லாயிரம் நுபியர் தம் ஊர்களை இழந்து, அரசு கட்டிய ஒரே மாதிரியான வரிசை வீடுகளிற் குடியேற்றப்பட்டனர். மண்ணால் வளைவு கட்டும் கலையை உலகுக்குக் காட்டிய இனத்தவரிடம், தமக்கான வீடு எத்தகையது என்று கேட்பார் இல்லை! பழைய கூர்னாவின் வீடுகளும் 2006இன் இறுதி முதல் இடித்து அகற்றப்பட்டன.

மண்ணும் வளைவும் தோற்கவில்லை. தோற்றது மேலிருந்து இடப்பட்ட கட்டளையே. மக்களுக்காகக் கட்டுவோர் முதலில் மக்களைக் கேட்க வேண்டும். அக்கேள்வி எழாதவரை, எத்துணை அழகிய கிராமமும் ஆளற்ற கிராமமாகவே எஞ்சும்.