பத்து வாரத்துக்கென்று போனவர்கள்

டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் தனிப் பாடகியாகப் பிரிந்துபோக, ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ் குழு 1963இல் கலைந்தது என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அண்ணன் டாமுக்கு மெட்டுக் கட்டும் கை இருந்தது. பாடத்தான் குழு இல்லை.

அந்தக் குழு உலகத்தின் மறுகோடியில், மெல்போர்னின் காபி கடை ஒன்றில் பாடிக்கொண்டிருந்தது. பெயர் தி சீக்கர்ஸ். அத்தோல் கை டபுள் பாஸ், ப்ரூஸ் வுட்லி கிட்டார், கீத் பாட்கர் பன்னிரண்டு தந்தி கிட்டார். பாட்கர் பிறந்தது கொழும்பில்! 1962 டிசம்பரில், அத்தோல் கை வேலை பார்த்த விளம்பர நிறுவனத்துக்குச் செயலாளர் வேலைக்கு வந்த ஜூடித் டர்ஹாமுக்கு வயது 19. ஜாஸ் பாடிவந்த பெண். வந்த சூட்டிலேயே குழுவின் குரலாகிவிட்டார்.

1964இல் ‘ஃபேர்ஸ்கை’ கப்பலில் பயணிகளுக்குப் பாடிக்கொண்டே இங்கிலாந்து போய் இறங்கினார்கள். பத்து வாரம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். வாய்ப்புகள் வரிசைகட்டின. டாம் ஸ்பிரிங்ஃபீல்டும் வந்து சேர்ந்தார். அவர் எழுதித் தயாரித்த ‘ஐ’ல் நெவர் ஃபைண்ட் அனதர் யூ’ 1965 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கணீரென்று ஒலிக்கும் கிட்டார், பாட்கருடையது.

அதே ஆண்டு வந்த ‘தி கார்னிவல் இஸ் ஓவர்’ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மெட்டு ரஷ்ய நாட்டுப்பாடலுடையது. 17ஆம் நூற்றாண்டில் கலகம் செய்த கொசாக் தலைவன் ஸ்டென்கா ராசினின் கதை அது. பெண்ணிடம் மயங்கிக் கிடக்கிறான் என்று கூட்டாளிகள் முணுமுணுக்க, பாரசீக இளவரசியைத் தூக்கி வோல்கா நதியில் எறிந்துவிடுகிறான். டாம் இளவரசியையும் நதியையும் விட்டுவிட்டு, காதலர் பிரிவாக அதை மாற்றி எழுதினார். ஆனால் மெட்டுக்குள் அந்தத் துக்கம் அப்படியே தங்கிவிட்டது. ஜூடித் அழாமல், நிமிர்ந்து நின்று பாடுகிறார். கேட்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. பிரிட்டனில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற இசைத்தட்டு இது. நாட்டுப்பாடலை நீர்த்துப்போகச் செய்தவர்கள் என்று இவர்களை ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. மூலப் பாட்டின் ஒரு சொல்கூடத் தெரியாத லட்சக்கணக்கான வீடுகளுக்கு அந்த மெட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவர்கள்.

அடுத்து ‘ஜார்ஜி கேர்ள்’ படப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 1967 மார்ச்சில் மெல்போர்ன் சிட்னி மையர் திறந்தவெளி அரங்கில் இவர்களைக் கேட்கத் திரண்டவர்கள் சுமார் 2,00,000 பேர். காபி கடையில் பாடியவர்களுக்குச் சொந்த ஊர் தந்த வரவேற்பு அது.

உச்சத்தில் இருக்கும்போதே ஜூடித் தனியாகப் பாட விரும்பினார். 1968 ஜூலையில் பிபிசி தொலைக்காட்சியில் விடைபெற்றார்கள். பல ஆண்டுகள் கழித்து மறுபடி கூடினார்கள். 2000இல் சிட்னி பாராலிம்பிக் நிறைவு விழாவில் அதே ‘கார்னிவல்’ பாட்டு. இடுப்பெலும்பு முறிந்திருந்த ஜூடித், சக்கர நாற்காலியில் இருந்தபடியே பாடினார். 2022 ஆகஸ்டில் காலமானார்.

1968இல் குழு கலைந்ததும் பாட்கர் சும்மா இருக்கவில்லை. மறு ஆண்டே ‘நியூ சீக்கர்ஸ்’ என்று ஒரு புதுக் குழுவை உருவாக்கினார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)