வண்டியை எங்கே விடுவது? கொங்கணக் கரை வழியின் வரலாறு

டிசம்பரில் ஐந்து பேர் மிதிவண்டியில் மாண்ட்வாவிலிருந்து கோவா எல்லை வரை கடற்கரையை ஒட்டியே செல்வதென்று முடிவு செய்தோம். தூரம் 500 கிலோமீட்டருக்கு மேல். எட்டு நாள் கணக்கு. திட்டமிட உட்கார்ந்தபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. மிதிவண்டிகளை ஏற்றிவரும் காரை எட்டு நாள் எங்கே நிறுத்திவைப்பது? எந்தச் சாலையில் செல்வது? அரைமணியில் முடியும் வேலை என்று நினைத்தேன். இரண்டுக்கும் விடை தேடத் தொடங்கிய பின்னர்தான், இவை இக்கரையின் மிகப் பழைய கேள்விகள் என்பதும், கொங்கணத்தின் வணிக வரலாற்றில் பாதி இவற்றுக்குள் அடங்கியிருக்கிறது என்பதும் விளங்கின. அதைத்தான் இப்பதிவில் எழுதுகிறேன்.

முதலில் சாலை. மராட்டிய மாநிலத்தின் வரைபடத்தில் மும்பையிலிருந்து கோவாவுக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையைப் பாருங்கள். முன்பு 17 என்றும் இப்போது 66 என்றும் எண்ணிடப்பட்டுள்ள அச்சாலை பெயருக்குத்தான் மேற்குக் கரைச் சாலை. பென், மஹாட், சிப்லூண், சங்கமேஷ்வர், ராஜாபூர் என்று அது தொடும் ஊர்களில் ஒன்றில்கூடக் கடல் தெரியாது. 1998-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில் பாதையும் பெரும்பாலும் உள்நாட்டிலேயே ஓடுகிறது. கடல் இருபது முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்க, சாலையும் ரயிலும் ஏன் மலையடிவாரத்தைப் பற்றிக்கொண்டு செல்கின்றன?

விடை ஆறுகளில் இருக்கிறது. சஹ்யாத்ரியில் பிறந்து மேற்கே பாயும் சாவித்ரி, வாஷிஷ்டி, சாஸ்திரி போன்ற ஆறுகள் குறுகிய தூரமே ஓடினாலும், கடலை நெருங்கும்போது அகன்ற உப்பங்கழிகளாக விரிகின்றன. கழிமுகத்தில் பாலம் கட்டுவது பெருஞ்செலவு. ஆறு ஒடுங்கும் இடத்தில் கட்டுவது எளிது. ஆகவே சாலை உள்ளே ஒதுங்கியது.

இந்த விளக்கம் சரிதான் எனினும் முழுமையன்று. நெடுஞ்சாலை தொடும் ஊர்களின் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். மஹாட் சாவித்ரியின் மேல், சிப்லூண் வாஷிஷ்டியின் மேல், சங்கமேஷ்வர் சாஸ்திரியின் மேல், ராஜாபூர் அர்ஜுனாவின் மேல். இவை யாவும் கடல் ஓதம் உள்ளே ஏறிவரும் எல்லையில், அல்லது அதற்கு மிக அருகில், அமைந்த ஊர்கள். சரக்குப் படகு ஓதத்தோடு ஏறிவந்து இதற்கு மேல் போக இயலாது என்று நிற்கும் இடம் அது. அங்கே சரக்கு பொதிமாட்டின் முதுகுக்கு மாறும். அங்கிருந்து கணவாய் வழி தொடங்கும்: மஹாடிலிருந்து வரந்தா கணவாய், சிப்லூணிலிருந்து கும்பார்லி கணவாய். ஒவ்வோர் ஆற்றுக்கும் இரண்டு ஊர்கள் இருந்தன. கழிமுகத்தில் கோட்டையும் சுங்கமும் கொண்ட ஒரு துறைமுகம். ஓத எல்லையில் சந்தை கொண்ட ஒரு பேட்டை. பாண்கோட்டுக்கு மஹாட், தாபோளுக்குச் சிப்லூண், ஜய்கட்டுக்குச் சங்கமேஷ்வர். நெடுஞ்சாலை இரண்டாம் வரிசை ஊர்களைக் கோத்துக்கொண்டு சென்றது. நாங்கள் மிதிக்க விரும்பியதோ முதல் வரிசை. அவ்வரிசையைக் கோக்கும் நெடுவழி ஒன்று தரைமேல் இருந்ததாக வரலாற்றில் காணக் கிடைக்கவில்லை.

ஏனெனில் கொங்கணத்தின் பழைய பெருவழிகள் வடக்கு தெற்காகச் செல்லவில்லை. கிழக்கு மேற்காகச் சென்றன. கடலிலிருந்து மேட்டுநிலத்துக்கு ஏறும் வழிகள் அவை. ஜுன்னருக்கு ஏறும் நாணேகாட்டில் சாதவாகனர் காலத்துக் கல்வெட்டும், சுங்கக் காசு இடப்பட்டதாகச் சொல்லப்படும் கல் தாழியும் இன்றும் உள்ளன. 1830-ல் ஜான் மால்கம் ஆளுநராக இருந்தபோது வண்டிப்பாதையாகத் திறக்கப்பட்ட போர் கணவாயும் இதே திசையில் செல்வதுதான். வடக்கு தெற்காகச் செல்ல வேண்டியவர்களுக்கு இருந்த சாலை கடல். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் நூல் கல்யாணுக்குத் தெற்கே துறைமுகங்களை வரிசையாக அடுக்கிச் சொல்வது அதனால்தான். அவற்றுள் செமில்லா என்பது இன்றைய சௌல் என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மற்றவற்றை எந்தெந்த ஊராகக் கொள்வது என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைக் குறிப்பிடாமல் மேலே செல்ல என் படிப்பு இடம் தராது. மேற்குக் கரையின் பாய்க்கப்பல் ஒன்றுக்குப் ‘பட்டமார்’ என்று பெயர். மலையாளத்தின் ‘பத்தேமாரி’யை 2015-ல் வந்த திரைப்படத்தின் வழியே தமிழரும் அறிவர். 1886-ல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி இச்சொல்லுக்கு இரண்டு பொருள் தருகிறது. ஒன்று, கடிதம் சுமந்து கால்நடையாக ஓடும் தூதுவன், மற்றொன்று, இப்பாய்க்கப்பல். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில வணிகக் கம்பெனிப் பதிவுகளில் முதற்பொருள் சாதாரணமாக வருகிறது. சொற்பிறப்பு எப்படியாயினும், தரைவழித் தூதுவனுக்கும் கரையோரக் கப்பலுக்கும் ஒரே பெயர் வழங்கியது கவனிக்கத்தக்கது. சரக்கானாலும் செய்தியானாலும் அதை ஒரு துறையிலிருந்து மறு துறைக்குச் சேர்ப்பதே இருவர் தொழிலும். நிலமா நீரா என்ற பிரிவு இக்கரையில் பயணத்தின் முதன்மையான பிரிவாக இருக்கவில்லை.

இனி, வண்டியை நிறுத்தும் கேள்வி. ஒருவழிப் பயணத்தின் அடிப்படைச் சிக்கல் இது: பயணம் முடியும் இடம் வேறு, வண்டி நிற்கும் இடம் வேறு. பழைய வணிகம் இதை வாகனத்தை மாற்றுவதன் மூலம் தீர்த்தது. யாரும் ஒரே வாகனத்தோடு கடலையும் மலையையும் கடக்கவில்லை. படகு ஓத எல்லையில் நின்றது. மாடு பேட்டையில் நின்றது. மேட்டுநிலத்திலிருந்து தானியம் சுமந்து இறங்கிய பொதிமாடுகள் உப்பு சுமந்து ஏறின. வெறும் முதுகோடு திரும்புவதைத் தவிர்ப்பதே பொதி வணிகத்தின் கணக்கு.

இந்த ஒழுங்கை மீறி, தன் வாகனத்தைத் தானே கடல்கடந்து கொண்டுவந்த ஒருவரை நாம் அறிவோம். ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதின் 1469-ஐ ஒட்டிய காலத்தில் ஹோர்முஸிலிருந்து ஓர் ஆண்குதிரையோடு சௌல் துறையில் இறங்கினார். விற்பனைக்கான குதிரைதான், ஆயினும் அதை நடத்தியும் தீனியிட்டும் மலையேற்றி ஜுன்னர் வரை கொண்டுசென்றார். மழைக்காலம் அவரை அங்கே தங்கவைத்தது. அவ்வூரின் அதிகாரி குதிரையைப் பறித்துக்கொண்டு, மதம் மாறினால் குதிரையோடு ஆயிரம் பொற்காசும் தருவதாகச் சொன்னார். குராசானி ஒருவர் பரிந்து பேசியதால் குதிரை திரும்பக் கிடைத்தது. பிறகு அதைப் பீதரில் விற்றார். நாடு திரும்பக் கப்பலேறியது சௌலில் அன்று, தாபோளில். ஓரிடத்தில் இறங்கி வேறோர் இடத்தில் ஏறும் பயணத்தில் வாகனம் எத்தகைய சுமையாகும் என்பதற்கு அவர் குறிப்புகளைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நிறுத்திவைப்பதில் இன்னொரு வகையும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரையில் பாய்க்கப்பல்கள் ஓடா. அவற்றைக் கழிக்குள் கொண்டுபோய்க் கரையேற்றி, ஓலையால் வேய்ந்து மூடிவைப்பர். வீட்டுக் கூரையை மழைக்கு முன் வேய்வதற்கு மராத்தியில் வழங்கும் ‘ஷாகாரணே’ என்ற வினையே படகுக்கும் பொருந்தும். நாரளி பூர்ணிமையன்று கடலுக்குத் தேங்காய் படைத்த பிறகே மீண்டும் படகு இறங்கும். கழிகள் போக்குவரத்துக்குத் தடை என்று நாம் கருதுகிறோம். ஆனால் ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதம் ஒரு கரையின் கலங்களனைத்தும் பாதுகாப்பாக நிற்க இடம் தந்தவையும் அவைதாம். விஜயதுர்க்கக் கோட்டைக்கு அருகே வாகோட்டன் கழியில் மராட்டியர் தம் போர்க்கப்பல்களுக்குத் துறைப்பள்ளம் வெட்டியிருந்ததும் இக்காரணத்தால்தான். இந்த ஒழுங்கை நீராவிக் கப்பல் ஓரளவு மீறியது. அதன் விலையும் பதிவாகியுள்ளது: 1947 ஜூலை 17 அன்று பம்பாயிலிருந்து ரேவஸ் துறைக்குப் புறப்பட்ட ‘ராம்தாஸ்’ கப்பல் வழியில் கவிழ்ந்து அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

நீராவிக் கப்பல்தான் பம்பாய் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்ற கொங்கணத்தாரின், ‘சாகர்மானி’களின், ஊர்திரும்பும் வழியாக நெடுங்காலம் இருந்தது. ஹர்ணை, தாபோள், ஜய்கட், ரத்னகிரி, விஜயதுர்க்கம், மால்வண், வெங்குர்லா என்று அது நின்ற துறைகளை வரிசைப்படுத்தினால், நாங்கள் இரவு தங்கத் தேர்ந்த ஊர்களின் பட்டியலோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. நாங்கள் கப்பல் அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. மிதிவண்டியின் ஒரு நாள் தூரமும், தங்குமிடம் கிடைக்கும் ஊரும், கழியின் கரையும் சேர்ந்து அதே புள்ளிகளைத் தந்தன.

இன்று இவ்வழியில் வண்டியேற்றும் ஃபெர்ரிப் படகில் கடக்கும் பெருங்கழிகள் நான்கு: அகர்தண்டாவிலிருந்து திகி, பாக்மண்ட்லாவிலிருந்து வேஸ்வி, தாபோளிலிருந்து தோபாவே, தவ்ஸாளிலிருந்து ஜய்கட். கடைசியில் தெரெகோல் ஆற்றைக் கடந்தால் கோவாவின் கேரி. ஒவ்வொன்றையும் கடக்கும் நேரம் மிகக் குறைவு. ஆனால் தாபோளில் படகைத் தவறவிட்டுச் சிப்லூண் சுற்றி வந்தால், லேட்டரைட் மேடுகளில் ஏறி இறங்கி, மிதிவண்டிக்கு ஒரு முழு நாள் போய்விடும். ஆகவே எங்கள் அட்டவணையின் முதல் நிரலில் தூரம் இல்லை. படகு நேரம் இருக்கிறது. திசையைக் காற்று தீர்மானித்தது. மழை ஓய்ந்த மாதங்களில் பிற்பகலில் வடமேற்கிலிருந்து கடற்காற்று வீசும். எனவே வடக்கிலிருந்து தெற்கே செல்வதே நன்று. பட்டமார் ஓட்டிகளுக்கும் இக்காற்றே துணை.

இனி இவ்வாய்வில் என்னை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். ரேவஸிலிருந்து ரெட்டி வரை கரையை ஒட்டியே ஒரு சாலை அமைக்கும் எண்ணம் 1980-களின் தொடக்கத்தில் முதலமைச்சராக இருந்த ஏ. ஆர். அந்துலேயின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. அதன் துண்டுகள் பல உருவாயின; தெற்கே பல கழிகளில் பாலங்களும் வந்துவிட்டன. எஞ்சிய பெருங்கழிகளுக்கும் இப்போது பாலங்கள் திட்டமிடப்பட்டு வருகின்றன. அவை முடிந்ததும் வரலாற்றில் முதன்முறையாக இக்கரை தரைவழியே ஒரே கோடாக இணையும்.

இதை இழப்பு என்று எழுதுவது எங்களைப் போன்றோர்க்கு எளிது. நாங்கள் ஆண்டுக்கொருமுறை வருபவர்கள். கடைசிப் படகு போன பின் பேறுகால வலி கண்ட பெண்ணுக்கும், அக்கரைக் கல்லூரியில் படிக்கும் மாணவிக்கும், மீன்கூடையோடு காத்திருப்பவர்க்கும் கழி ஒரு காட்சியன்று. பாலம் நல்ல கட்டுமானமாக இருக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய உயிர்ப் பிரச்சினை. மஹாடில் சாவித்ரியின் மேலிருந்த பிரிட்டிஷ் காலத்துக் கல் பாலம் 2016 ஆகஸ்ட் 2 இரவு வெள்ளத்தில் இடிந்து, இரண்டு அரசுப் பேருந்துகள் அடித்துச் செல்லப்பட்டதை அவ்வட்டாரம் மறக்கவில்லை. பாலம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பாலம் வந்தபின் ஒன்றை மீட்டெடுக்க இயலாது. படகுத்துறைக்கு மராத்தியில் ‘தர்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. கடத்தலைக் குறிக்கும் அதே வடமொழி வேரிலிருந்து பிறந்ததே ‘தீர்த்தம்’. அதன் பழம்பொருள் ஆற்றைக் கடக்கும் இடம். தமிழின் ‘துறை’யும் கடக்குமிடம், நீராடுமிடம், கப்பல் நிற்குமிடம் என மூன்றையும் தாங்குகிறது. நிற்பதும் கடப்பதும் ஒரே இடத்தில் நிகழ்ந்த உலகின் சொற்கள் இவை. ஓதத்தின் நிலைகளுக்கும், படகின் உறுப்புகளுக்கும், கழியின் மணல்திட்டுகளுக்கும் அத்துறைகளில் வழங்கும் சொற்கள் பலவும் எழுத்தில் இல்லை. படகோட்டும் முதியவர்களின் வாயில் இருக்கின்றன. பொறியாளர்கள் நிலத்தை அளக்கும் இதே ஆண்டுகளில் இச்சொற்களையும் யாரேனும் பதிவு செய்ய வேண்டும். மொழியியல் மாணவர்கள் இதைப் படித்தால், களப்பணிக்கு இடம் தேடுவோர் வேஸ்வியையோ தவ்ஸாளையோ எண்ணிப் பார்க்கவும். மராத்தி தெரிந்த துணை இருந்தால் ஒரு பருவத்தில் ஒரு கழியின் சொற்றொகுதியைத் திரட்டிவிடலாம்.

எங்கள் முதற்கேள்விக்கும் விடை கிடைத்தது. காரைக் கொண்டுபோகவில்லை. மிதிவண்டிகளை மும்பையின் பாவுச்சா தக்காவில் படகேற்றி மாண்ட்வாவில் இறக்குகிறோம். திரும்பும்போது கோவாவின் திவிம் நிலையத்தில் அவற்றை ரயிலின் சரக்குப் பெட்டிக்குப் பதிவு செய்துவிட்டு நாங்கள் பயணியர் பெட்டியில் ஏறிக்கொள்வோம். துறைக்குத் துறை வாகனத்தை மாற்றுவது என்ற பழைய முறைக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் பையில் இருக்கும். படகு வரும்வரை காத்திருக்கும் நேரத்துக்கு அதில் வேலை உண்டு.