மேய்க்காலுக்கு வந்த கணக்கு

1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு, கொடுத்தார். பொன்னேரிப் பக்கமும் அதில் அடக்கம். என்ன கிடைத்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா? 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். வரிக்காகப் போட்ட கணக்குதான். ஆனாலும் வயலோடு ஏரி, காடு, தோப்பு, உப்பளம், மனை என உழாத நிலமும் அதில் ஏறியது.

உழாத நிலம் சும்மா கிடக்கவில்லை. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் மழைக்காலத்தில்தான் ஓடும். நெல் ஏரியை நம்பியது. ஏரி, மேட்டுத் தரிசிலிருந்து வழிந்து வரும் மழைநீரை நம்பியது. உழவு மாட்டுக்கு மேய்ச்சல், வயலுக்குத் தழை, அடுப்புக்கு விறகு எல்லாம் அங்கிருந்தே வந்தன. வரி தந்த நஞ்சையைத் தாங்கியது வரி தராத நிலம்.

அது எல்லாருக்கும் பொது என்று நினைத்துவிட வேண்டாம். காணியாட்சி என்ற பரம்பரை நில உரிமை பெற்ற மிராசுதார்களுக்குத் தரிசிலும் முன்னுரிமை இருந்தது. சேரியிலிருந்து ஒரு படியாள் (பண்ணையாள்) தரிசு கேட்டு மனுப் போட்டால், 'எனக்கே வேண்டும்' என்று மிராசுதார் குறுக்கே வரலாம். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் இதையெல்லாம் புட்டுப்புட்டு வைத்து அறிக்கை எழுதினார். 1892-இல் வந்த அரசாணையின் வழியே தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். அவற்றில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்று ஊருக்குள் கேட்டால் சண்டைதான் வரும்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகை, தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். காடும் மேய்க்காலும் (மேய்ச்சல் நிலமும்) ஆக இருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட புறம்போக்கு நிலம் அங்கே அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டுக்குப் போனது. அங்கே ஆலை அமைக்க 2009-இல் பிரான்சின் மிஷ்லின் டயர் நிறுவனம் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது.

புறம்போக்குக்குப் பட்டா கிடையாது. தலைமுறையாக மாடு ஓட்டிப் போனவருக்கு, அந்த நிலத்தை இழந்தேன் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. ஊரார் மறியல் செய்தார்கள், நீதிமன்றம் போனார்கள். 2012-இல் பிரெஞ்சு அமைப்புகளின் துணையோடு மிஷ்லின் மீதான அவர்கள் புகார் பாரிஸ் வரை போய்ச் சேர்ந்தது.

2020 நவம்பரில் அதே வட்டாரத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அரை டிஎம்சி கொள்ளும். தண்ணீர் சென்னையின் குடிநீருக்குப் போகிறது.