அன்னபூரணி என்னும் மரக்கலம்

தமிழரின் கடலோடும் பெருமை சோழ மன்னரோடு முடிவெய்திற்று என்பார் பலர். முதலாம் இராஜேந்திரன் 1025-ல் கடாரத்தின்மீது கப்பற்படை செலுத்தியதைப் பிள்ளைகள் பாடசாலையிற் படிக்கின்றனர்; பின்னர் நிகழ்ந்தது யாதென வினவின் விடை கூறுவார் அரியர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஏரி சூழ்ந்த ஊர்களில் வாழும் நம்மவர்க்குக் கடல் ஒரு நாழிகைத் தூரமன்றாயினும் எட்டாத் தொலைவுமன்று. அதன் சரித்திரமோ வெகு தொலைவாய்விட்டது. ஆகலின் அண்மைக் காலத்து வரலாறொன்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

யாழ்ப்பாணத்து வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல் கட்டுவதிலும் செலுத்துவதிலும் பேர்பெற்ற ஊர். அவ்வூர்க் கலங்கள் நாகப்பட்டினம், கொச்சி, இரங்கூன் முதலிய துறைகளுக்குச் சென்று அரிசி, ஓடு, மரம் முதலிய சரக்குகளை ஏற்றி வந்தன. தண்டையல்மார் காற்றின் பருவமறிந்து கலம் ஓட்டினர். சோழகக் காற்றில் வடக்கு நோக்கியும், வாடைக் காற்றில் தெற்கு நோக்கியும் செல்வர். கரையோரமாய்ப் போகுங்கால், இரவிலும் விடியலிலும் தரையினின்று வீசும் காற்றைக் கொண்டு துறைவிட்டு நீங்கி, பிற்பகற் கடற்காற்றைக் கொண்டு துறை புகுவர். ஐப்பசி கார்த்திகைப் புயலுக்கு அஞ்சி ஒதுங்குதலும் அவர்கள் கற்ற வித்தையில் ஒரு பகுதியே.

இவ்வூரில் 1930-ல் கட்டப்பெற்றதே அன்னபூரணி. சுமார் 89 அடி நீளமும் இரண்டு பாய்மரமும் உடையது. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இதனை விலைக்கு வாங்கினார். அவர் ஸ்வாப் என்னும் சுமார் 32 அடிச் சிறு பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்தவர்; கலத்தின் குணமறிந்தவர். அவர் தம் மனைவியார் பெயரால் இதற்குப் புளோரன்ஸ் சி. ராபின்சன் எனப் பெயர் மாற்றினார்.

தம்பிப்பிள்ளை என்னும் தண்டையலும் தமிழ் மாலுமிகளும் இதனைச் செலுத்திச் சென்றனர். ஏடன், சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா ஆகியவற்றைக் கடந்து, 1938 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாகாணத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர். கரையோர வாணிகத்தில் தந்தையரிடம் கற்ற தொழிலே அத்லாந்திக் பெருங்கடலிலும் அவர்களுக்குத் துணைநின்றது.

இதனால் அறியத்தக்கது யாது? கடாரப் படையெடுப்புக்குத் தொள்ளாயிரம் ஆண்டுகட்குப் பின்னும் அவ்வித்தை அழிந்திலது. அரசரது ஆணையின்றி, தச்சர் கையிலும் தண்டையல் நினைவிலும் அது வாழ்ந்தது. ஏட்டில் எழுதப்படாமையால், விசைக் கலங்கள் பெருகியபின் விரைவில் தேய்ந்தது.

அங்கத்தினர்களே! எத்தொழிலுக்கும் இக்கதி நேரலாம். உங்கள் இல்லத்து முதியோர் அறிந்த தொழில் யாதாயினும், அதன் கருவிகளையும் சொற்களையும் வினவி எழுதி வையுங்கள். பிள்ளைகளை அருகிருத்தி எழுதுவிப்பது இன்னும் சிறப்பு.