ஈடிபஸ் மன்னன் நாடகமும் முரண்நகை வகைகளும்

ஈடிபஸ் மன்னன் என்பது கிரேக்க நாடக ஆசிரியர் சோபக்கிளீஸ் (சுமார் கி.மு. 496–406) எழுதிய துன்பியல் நாடகம் ஆகும். இது கி.மு. 429ஐ ஒட்டி ஏதென்சில் அரங்கேறியதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. இலக்கிய வகுப்புகளில் முரண்நகையை விளக்க இந்நாடகமே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் முரண்நகையைச் சொல், சூழல், நாடகம் என மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் நாடகத்துக்கு மிகவும் பிந்தியது.

கதையும் பார்வையாளரும்

தீபஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. முன்னாள் மன்னன் லாயசைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் நோய் நீங்கும் என்று அருள்வாக்கு வருகிறது. கொலையாளியைத் தேடும் ஈடிபசே அக்கொலையாளி. லாயஸ் அவனுடைய தந்தை. அவன் மணந்த யொகாஸ்டா அவனுடைய தாய்.

இக்கதை ஏதென்சு மக்களுக்குப் புதியதன்று. ஹோமரின் ஒடிசி இதனைக் குறிப்பிடுகிறது. எஸ்கிலசும் கி.மு. 467இல் இதனை நாடகமாக்கியிருந்தார். கி.மு. 430இல் ஏதென்சையே கொள்ளைநோய் தாக்கியது. எனவே, முடிவு தெரிந்தே வந்தமர்ந்த மக்கள், தெரியாத ஒருவன் உண்மையை நோக்கி நடப்பதைப் பார்த்திருந்தனர்.

சொல்லின் வரலாறு

கிரேக்க இன்பியல் நாடகங்களில் தன்னைத் தாழ்த்திக் காட்டிக்கொள்ளும் பாத்திரம் ‘எய்ரோன்’ எனப்பட்டது. அறியாதவர் போல் வினவிய சாக்ரடீசின் போக்கும் இச்சொல்வழிப் பிறந்த பெயராலேயே சுட்டப்பட்டது. அரிஸ்டாட்டில் தமது கவிதையியல் நூலில் ஈடிபசை விரிவாக எடுத்துக்காட்டினாலும், அங்கு அவர் பேசுவது நிலைமாற்றமும் அறிந்துணர்தலுமே. உரோமானியச் சொல்லணி நூல்களில் முரண்நகை ஓர் அணியாக இடம்பெற்றது.

1833இல் ஆங்கில அறிஞர் கானப் தேர்ல்வால் சோபக்கிளீசின் முரண்நகை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சொல்லளவில் நின்ற கருத்தை அவர் நிகழ்வுகளுக்கும் ஊழுக்கும் விரித்தார். இக்கருத்து நாடகத் திறனாய்வில் நிலைபெற இக்கட்டுரை பெரிதும் உதவியது.

மூன்று வகைகள்

சொல் முரண்நகையில் பேசுபவர் ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துகிறார். தமிழ் அணியிலக்கணத்தின் வஞ்சப்புகழ்ச்சி இதற்கு நெருக்கமானது. சூழல் முரண்நகையில் செயல் எதிர்பார்ப்புக்கு மாறாக முடிகிறது. கொரிந்த் நகரத் தூதன் ஈடிபசின் அச்சத்தைப் போக்கவே அவனது பிறப்பைப் பற்றிப் பேசுகிறான். அதுவே அவனது வீழ்ச்சிக்கு வழியாகிறது. நாடக முரண்நகையில் பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருக்கின்றனர். கொலையாளியை ஈடிபஸ் சபிக்கும்போது அச்சாபம் யார்மேல் விழுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இவ்வகைகள் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. குறிசொல்லும் தைரீசியசை இகழும்போது, ஒன்றும் அறியாத தானே ஸ்பிங்சின் புதிரை விடுவித்ததாக ஈடிபஸ் ஏளனமாகச் சொல்கிறான். அவன் கருத்தில் அது சொல் முரண்நகை. கேட்போருக்கோ அது நேர்ப்பொருளிலேயே உண்மை. அவன் தன் பிறப்பைக்கூட அறியாதவன். ஆகவே, வகையின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், அந்த நொடியில் யார் எதை அறிவர் என்று மாணவரிடம் கேட்பதே பயனுள்ள கற்பித்தல் முறையாகும்.

கருப்பொருள்கள்

அக்கேள்வி நேரே நாடகத்தின் கருப்பொருளுக்கு இட்டுச்செல்கிறது. கண்ணற்ற தைரீசியஸ் உண்மையைக் காண்கிறான். கண்ணுள்ள ஈடிபஸ் காணவில்லை. உண்மை வெளிப்பட்டதும் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். கொலையும் மணமும் முன்பே விதிக்கப்பட்டவை. ஆனால் பிறர் தடுத்தும் உண்மையைத் தேடியது அவன் சொந்த முடிவு. அத்தேடலால் நகரம் நோயிலிருந்து மீளும் வழி திறக்கிறது, தேடியவன் அழிகிறான். ஊழுக்கும் மனிதப் பொறுப்புக்கும் இடையிலான இந்த இழுபறியே நாடகத்தின் பெரிய முரண்நகை ஆகும்.