முறுக்குவிசையும் குதிரைத்திறனும்

தண்டைச் சுழற்றும் விசையின் அளவே முறுக்குவிசை. நியூட்டன் மீட்டரில் குறிப்பர். அந்தச் சுழற்சி எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பது திறன். நீராவி எந்திரத்தைக் குதிரையோடு ஒப்பிட்ட ஜேம்ஸ் வாட், நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலையை ஒரு குதிரைத்திறன் என்றார். ஏறத்தாழ 746 வாட்.

முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் வரும். ஆகவே 1 குதிரைத்திறன் மோட்டார் 1,440 சுழற்சியில் ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர் தரும். 2,880 சுழற்சியில் அதில் பாதிதான். கியர் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும். திறனைக் கூட்டாது, உராய்வில் சிறிது இழக்கவே செய்யும்.

சுழல்வேகத்தைச் சொல்லாமல் முறுக்குவிசையையும் திறனையும் ஒப்பிடுவது பொருளற்றது. டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே உச்ச முறுக்குவிசையை எட்டும். மின்வாகன மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே தரும்.